தோவானின் முன்பல்

தோவானின் மேல்வரிசை முன்பல் ஒன்று பாதிதான் அவருடையது. வேர் அவர் அம்மா கொடுத்தது. வெளியே தெரிகிற பல்லைக் கொடுத்தவர் டாக்டர். பத்தொன்பது வயதில் பக்கத்து ஊர் சாவு வீட்டுக்கு ட்ரம்பெட் ஊதப் போனபோது, வைக்கோல் காயப்போட்டிருந்த சாலையில் சைக்கிள் சறுக்கிவிட்டது. விழுகிறவன் கையைத்தானே முன்னால் ஊன்றுவான்? தோவான் இரண்டு கையாலும் ட்ரம்பெட்டைக் கட்டிக்கொண்டு முகத்தால் விழுந்தார். ட்ரம்பெட்டில் ஒரு கீறல் இல்லை. பல் மட்டும் ஈறோடு ஒடிந்து போயிற்று. பிற்பாடு வேருக்குள் ஒரு கம்பியை இறக்கி அதன் மேல் பல் கட்டினார்கள். அந்தப் பல்லோடுதான் அவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊதினார்.

ஹனோய்க்குத் தெற்கே எங்கள் ஹாய் ஹவ் கடற்கரைப் பக்கம் கோவில் இல்லாத ஊரும் இல்லை, பேண்டு இல்லாத கோவிலும் இல்லை. பகலெல்லாம் நெல் நடுகிறவன், உப்புப் பாத்தி வெட்டுகிறவன், மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன், சாயங்காலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளாரினெட்டோ டிரம்மோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அந்தக் கூட்டத்தில் தோவானின் ஊதலைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். அவர் சாவுக்கு ஊதினால் எதிரியும் அழுவான். மே மாதத்தில் மாதாவுக்குப் பூ ஆட்டம் ஆட வரும் பெண்களுக்கு ஊதினால், அவர்கள் பாதம் தானாகவே எடுத்து வைக்கும். அப்படிப் பாதம் எடுத்து வைத்த பெண்களில் ஒருத்திதான் மியென். தட்டில் இருந்த பூவை மாதாவின் காலடியில் போடாமல் தன்னைப் பார்த்தபடி தரையில் போட்டுவிட்டாள் என்று தோவான் கல்யாணம் ஆன பிறகும் கேலி செய்வார். "உங்க மூஞ்சியில என்ன இருக்குன்னு பார்த்தேன், வேற என்ன?" என்பாள் மியென். ஒரே மகள் லாம். அவள் பிறந்த நாளிலிருந்து இவர் 'லாம் அப்பா', மியென் 'லாம் அம்மா'. பெயர் சொல்லிக் கூப்பிடுவது அதோடு நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோவானுக்கு முதுகு வலி வந்தது. உடம்பு வெளிறிப் போயிற்று. ஒருநாள் பலமாகத் தும்மினார், விலா எலும்பு விரிசல் விட்டது. ஹனோயில் வேலை பார்க்கும் லாம் ஓடி வந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

எங்கள் பக்கம் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துப் பேசுவது காய்ச்சலுக்கும் இருமலுக்கும்தான். வியாதி பெரிதென்றால், வீட்டாரில் படித்தவர் யார் என்று கண்ணால் தேடி, வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அன்று லாமையும் மியெனையும் அப்படிக் கூப்பிட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த தோவான், பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் தாயும் மகளும் சத்தம் வராமல் அழுதார்கள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெரிந்தால் மனசு விட்டுவிடுவார், மனசு விட்டவனை மருந்து என்ன செய்யும்? சொல்லக்கூடாது. டாக்டரும் தலையாட்டினார். அவருக்கு இது புதிதா என்ன!

"சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கு. ரத்தம் கம்மி. எலும்பு மெலிஞ்சிருக்கு, அதுக்கு மாசாமாசம் கால்சியம் ட்ரிப்ஸ் ஏத்தணுமாம்" என்றாள் லாம்.

"அவ்வளவுதானா? உங்கம்மா அழுத மூஞ்சியைப் பார்த்து நான் போய்ச் சேர்ந்துட்டேன்னுல்ல நினைச்சேன்!" என்று சிரித்தார் தோவான்.

அதற்குப் பிறகு மாதாமாதம் ட்ரிப்ஸ் ஏறியது. மாத்திரைகளை லாம் வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போட்டு அனுப்பினாள். ட்ரிப்ஸ் அறையில் முடி கொட்டிப்போன பெண்களும் எலும்பும் தோலுமான ஆண்களும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். தோவானுக்கு அவர்களைப் பார்த்தால் தாங்காது. ஒவ்வொரு தடவையும் ஒரு பை நிறைய பான் ஞான், எங்கள் ஊர் உருண்டைப் பலகாரம், வாங்கிக்கொண்டு போய்க் கட்டில் கட்டிலாகக் கொடுப்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்வார்: "பாவம் லாம் அம்மா, எல்லாம் புற்றுநோய்க்காரங்க. நமக்கு மாதா அந்த மாதிரி ஒண்ணும் குடுக்கல." மியென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த ஜன்னலுக்குத்தான் தெரியும் அவள் கண்ணீர்!

ரகசியம் வீட்டுக்குள் நிற்கவில்லை. பவனியில் கனமான கொடிக்கம்பத்தை அவரிடம் கொடுத்துவிடக் கூடாதே என்று பேண்டுத் தலைவர் சாங்கிடம் மியென் சொன்னாள். சாங் தோவானோடு சேர்ந்து எருமை மேய்த்தவர், மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடைக்காரர். சாங் தன் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவியிடம் சொன்னால் கோவில் ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி. கொஞ்ச நாளில் தோவானைத் தவிர ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அவரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்பினால்தான்! அந்த அன்பு பிறகு என்ன செய்தது என்று பாருங்கள்.

இந்த வருஷம் ஜூனில், லிச்சிப் பழம் வந்த சமயத்தில், அந்த முன்பல்லுக்கு மேலே ஈறில் மிளகு அளவு ஒரு கொப்புளம் கிளம்பியது. அழுத்தினால் சீழ் வந்தது. ஊதும்போது வலி கண் வரைக்கும் ஏறியது. அக்டோபரில் செபமாலை மாதா பவனி. பல்லக்கு கோவில் வாசலை விட்டு இறங்கும்போது மற்ற எல்லா வாத்தியமும் நின்று ஒரே ஒரு ட்ரம்பெட் மட்டும் ஊதும். அது தோவானுடையது. வேறு ஆள் ஊதி எங்கள் தலைமுறை கேட்டதில்லை.

கோன் நகரத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் குவே நல்ல பெண். கை சுத்தம், வாயும் சுத்தம். எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினாள்.

"மாமா, வேர் நுனியில சீழ் பை கட்டியிருக்கு. பிடுங்கிட்டா சுலபமா முடிஞ்சிடும்."

"பிடுங்கிட்டு நான் எதால ஊதறது டாக்டரம்மா, மூக்காலயா?"

"செயற்கைப் பல் வெச்சுக்கலாமே?"

"கழட்டி மாட்டற பல்லு சிரிக்கத்தான் ஆகும். ட்ரம்பெட் உதட்டுல நிக்கல, உதட்டுக்குப் பின்னால இருக்கிற பல்லு மேல நிக்குது. மாதா வாசப்படி இறங்கறப்ப என் பல்லு முதல்ல இறங்கிடுச்சுன்னா?"

டாக்டர் குவே சிரித்துவிட்டாள். "சரி. உள்ளே கம்பி இருக்கறதால பல் வழியா போக முடியாது. கம்பியைக் கழட்டப் போனா வேரே பிளந்துக்கும். ஈறைத் திறந்து, எலும்புல சின்னதா ஒரு ஜன்னல் போட்டு, வேரோட நுனியை மட்டும் வெட்டிட்டு, வெட்டின இடத்துல இருக்கற ஓட்டையைப் பின்னாலேருந்து அடைச்சுடலாம். பல் நிக்கும்."

"அப்ப அதைச் செய்ங்க."

"அதுக்கு முன்னால கேள்வி இருக்கு. எலும்பைத் தொடற வேலை, பொய் சொல்லக்கூடாது. சர்க்கரை இருக்கா?"

இப்போது பதில் சொன்னது தோவான் அல்ல. நாற்காலிக்குப் பின்னால் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மியென். "இருக்கு டாக்டரம்மா. மாத்திரையில கட்டுப்பாடா இருக்கு."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை?"

"இல்ல."

"எலும்புக்கு ஊசி, ட்ரிப்ஸ் எதாவது?"

"ட்ரிப்ஸ் வந்து..." என்று தோவான் வாயெடுத்தார்.

"ரத்தம் கம்மியில்லையா, அதுக்குச் சத்து ட்ரிப்ஸ். கால்சியம்" என்றாள் மியென். குரல் நடுங்கவில்லை. இரண்டு வருஷப் பழக்கம்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். வீட்டுக்காரி சொல்வதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? எங்கள் பக்கம் நோயாளிக்கு வலி மட்டும்தான் சொந்தம், பதிலெல்லாம் வீட்டாருடையது.

வீட்டுக்கு வந்தபின் மியெனுக்குச் சோறு இறங்கவில்லை. எலும்புக்கு ஊசியா என்று அந்தப் பெண் ஏன் தனியாகக் கேட்டாள்? கொல்லைப்புறம் போய் லாமுக்குப் போன் போட்டாள். "அம்மா, அதைச் சொல்லியே ஆகணும். நீ திரும்பப் போனா அப்பா எதுக்குன்னு கேப்பாரு. சாங் மாமா டவுனுக்கு உதிரிபாகம் வாங்கப் போவாரில்ல, அவரைத் தனியா போய்ச் சொல்லச் சொல்றேன்" என்றாள் லாம். சாங் போனார். திரும்பி வந்து, சமையலுக்குக் கிளிஞ்சல் விற்கும் மியெனின் கடை முன் வண்டியை நிறுத்தி, "சொல்லிட்டேன் தங்கச்சி. பரவாயில்லன்னுட்டாங்க" என்றார். மியென் அன்றைக்கே கோவிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஆபரேஷன் நல்லபடி நடந்தது. வாய் மரத்துப்போயிருந்த தோவான் கண்ணை முழுசாக விழித்துக்கொண்டு படுத்திருந்தார். தையல் பிரித்தாயிற்று. கஞ்சி போய் சோறு வந்தது. "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா ஊதலாம்" என்று டாக்டர் சொன்னதும், வீட்டுக்கு வந்து ட்ரம்பெட்டைத் துணி போட்டுத் துடைத்தார்.

ஆனால் ஈறு மூடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. விலகிய இடத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்ட மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது. நாக்கால் தடவினால் சொரசொரத்தது. அது பருக்கை அல்ல, எலும்பு. வாயில் நாற்றம் வந்தது. பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகினார். டாக்டர் குவே கழுவினாள், மருந்து கொடுத்தாள், மறுபடி கழுவினாள். அவள் முகம்தான் ஒவ்வொரு தடவையும் சுருங்கிக்கொண்டே போனது.

ஒருநாள் மியென் கிளிஞ்சல் பொறுக்கும் மணல்திட்டுக்குப் போயிருந்தாள். தோவான் தனியாகப் போனார். நாற்காலிக்குப் பின்னால் இருந்த இடம் காலி.

"மாமா, நான் எங்க தப்பு பண்ணினேன்னு தெரியல" என்றாள் டாக்டர். கண் கலங்கியிருந்தது. "சர்க்கரை சரியா இருக்கு. வெட்டினதும் சரியா இருக்கு. எலும்பு ஏன் செத்துப் போகுது? அந்த ட்ரிப்ஸ்... எவ்வளவு நேரம் ஏறும்?"

"அது என்ன, ஒரு டீ குடிக்கிற நேரம். ஆரம்பத்துல ஏத்தினா மறுநாள் காய்ச்சல் அடிக்கும். இப்ப பழகிடுச்சு."

"எந்த வார்டுல?"

"ரத்த வார்டுல. பாவம், அந்த அறையில எல்லாம் புற்றுநோய்க்காரங்க. நான் ஒருத்தன்தான் சும்மா படுத்திருப்பேன்."

டாக்டர் கையில் இருந்த, வாய் பார்க்கிற கண்ணாடியைத் தட்டில் வைத்தாள்.

"அது கால்சியம்னு யார் சொன்னது மாமா?"

"என் பொண்ணு. என் பொண்டாட்டி. ஏன்?"

"அடுத்த தடவை அத்தையைக் கூட்டிட்டு வாங்க. பேசிக்கலாம்."

"வாயி என்னுது டாக்டரம்மா. அத்தையோடதா?"

அவள் தலைகுனிந்தாள். என் தொழிலுக்கு உட்பட்டதை மட்டும் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். "கால்சியம் இப்படி ஏத்த மாட்டாங்க. இது எலும்பை இறுக்கற மருந்து. இதை ஏத்திக்கிறவங்களுக்குத் தாடை எலும்புல கத்தி வெச்சா ஆறாது. தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேன். வேற வழி தேடியிருப்பேன். கேட்டேனே மாமா... நாந்தானே கேட்டேன்... ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டிருக்கணும். அது என் தப்பு."

"அந்த மருந்தை எதுக்கு ஏத்துவாங்க?"

கேட்டு முடிப்பதற்குள் தோவானின் கண் முன்னால் கட்டில் கட்டிலாக அந்த அறை விரிந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் தானே பலகாரம் கொடுத்துத் தலையைத் தடவிவிட்டு வந்த முகங்கள். அவர்கள் தன்னைப் பார்த்த பார்வை! அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவரோடு ஒரே மருந்து ஏற்றிக்கொண்டவர்கள் அவருக்காகப் பாவப்பட்டு அந்தப் பலகாரத்தைத் தின்றிருக்கிறார்கள்!

வீட்டில் மியென் கிளிஞ்சலை மண் போகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மியென்."

அவள் கை நின்றது. மகள் பிறந்ததிலிருந்து கேட்காத பெயர்.

"எனக்கு என்ன வியாதி?"

"என்ன இது கேள்வி? சர்க்கரை... ரத்தம்..."

"அந்த அறையில படுத்திருக்கிறவங்களுக்கு என்னவோ, எனக்கும் அதுதானே?"

கூடை சாய்ந்து கிளிஞ்சல் முற்றமெல்லாம் உருண்டது. மியென் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததே பதிலாக இருந்தது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"லாமுக்கு..."

"அப்புறம்?"

"சாங் அண்ணனுக்கு. ஃபாதருக்கு. கிளிஞ்சல் வாங்க வர்ற அக்காவுக்கு..."

"நம்ம வீட்டு நாய்க்கு?"

"லாம் அப்பா..."

"அதுக்கும் தெரிஞ்சிருக்கும். அதுவும் ரெண்டு வருஷமா என்னைப் பார்த்துக் குரைக்கறதில்ல. இரு, இரு. ஞாயித்துக்கிழமை பூசையில ஃபாதர் வேண்டிக்கிறாரே, சுகமில்லாத தோமினிக்குன்னு. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஞானஸ்நானப் பேர் தோமினிக், எனக்கும்தான். எந்தத் தோமினிக்னு கேட்டேன் சாங்கை. கடலோரத் தெருவுல ஒரு கிழவன்னான். நான் முட்டி போட்டு வேண்டினேன்டி! மாதாவே, அந்தக் கிழவனுக்கு நல்ல சாவு குடுன்னு வேண்டினேன்!"

மியென் அவர் காலைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா இந்த ரெண்டு வருஷம் ஊதியிருப்பீங்களா? சிரிச்சிருப்பீங்களா? நீங்க தூங்கின ஒவ்வொரு ராத்திரியும் நான் முழிச்சிருந்தேன். நீங்க தூங்கணும்னுதான்!"

"ஊதியிருப்பேனோ, ட்ரம்பெட்டைக் கிணத்துல போட்டிருப்பேனோ, அது என் மூச்சு. என் மூச்சை எனக்குத் தெரியாம பங்கு போட்டுக்கிட்டீங்க எல்லாரும்." காலை உருவிக்கொண்டார். "சரி, வியாதியை மறைச்ச. என் நல்லதுக்குன்னு வெச்சுக்கறேன். டாக்டரம்மாகிட்ட ஏன்டி மறைச்ச? கத்தியை வெச்சுக்கிட்டு நிக்கற பொண்ணுகிட்ட?"

"இல்ல! உங்க முன்னால சொல்ல முடியல. அப்புறம் சொல்லியனுப்பினேன். சாங் அண்ணன் போய்ச் சொன்னாரு. பரவாயில்லன்னாங்களாம்!"

"அந்தப் பொண்ணு இன்னிக்கு என் முன்னால அழுதுச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

மியென் நிமிர்ந்து பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. ஏமாற்றியவளே ஏமாந்து போய் உட்கார்ந்திருந்தாள்.

சாங்கின் கடைக்கு இருவரும் ஒன்றாக நடந்தார்கள். சாங் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நண்பனைப் பார்த்ததும் வழக்கம் போல ஆரம்பித்தார். "வாடா, ஓட்டப் பல்லு! என்ன, ஜோடியா? மறுபடி கல்யாணமா?"

"டாக்டரம்மாகிட்ட நீ சொன்னியா?"

சாங்கின் சிரிப்பு பாதியில் நின்றது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துத் துடைத்து, துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளினிக் வரைக்கும் போனேன்டா. பெஞ்சுல உக்காந்தேன். என் முறை வந்துச்சு. எழுந்து வந்துட்டேன்."

"ஏன்?"

"சொல்லியிருந்தா அவங்க கத்தியைத் தொட்டிருக்க மாட்டாங்க. பல்லு அப்படியே புரையோடிப் போயிருக்கும். நீ ஊத மாட்ட. லாம் போன்ல அழுதாடா, அப்பாவுக்கு இன்னொரு அக்டோபர் இருக்கோ இல்லையோன்னு. ஒரே ஒரு தடவை, இந்த ஒரு பவனி, நீ மாதா முன்னால நின்னு ஊதிட்டா போதும்னு நினைச்சேன். உனக்காகத்தான்டா."

"வேற வழி இருந்துச்சாம், சாங். அந்தப் பொண்ணு சொன்னா. கத்தி இல்லாமலே பார்த்திருப்பாளாம்."

சாங் குனிந்து சங்கிலியைக் கையில் எடுத்தார்.

"இந்த வருஷம் பவனிக்குச் சுத்துப்பட்டு கோவில் பேண்டெல்லாம் வருதில்ல?" தோவான் மெதுவாகக் கேட்டார். "என் ட்ரம்பெட் இருக்கும்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கியே. எனக்காகவா, உன் பேண்டுக்காகவா?"

சாங் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷமாகச் சரளமாகப் பொய் சொன்ன வாய்க்கு அந்த ஒரு பொய் வரவில்லை. தலை தொங்கிப் போயிற்று.

"வேற யாரையாவது வெச்சு ஊது" என்று சொல்லிவிட்டுத் தோவான் திரும்பினார். மியென் அவர் பின்னாலேயே போனாள். கடை வாசலில் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "அண்ணே, நான் மெழுகுவர்த்தி ஏத்தினேனே" என்றாள். சாங் அன்றைக்குக் கழற்றிய சங்கிலியை மாட்டவே இல்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அடுத்த ட்ரிப்ஸ் நாள் வந்தது. லாம் ஹனோயிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அப்பாவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். தோவான் அவள் முதுகைத் தட்டினார், அவ்வளவுதான். சின்ன வயதில் தப்பு செய்துவிட்டு வந்து ஒட்டிக்கொள்ளும்போது எப்படித் தட்டுவாரோ, அப்படி இல்லை. ஒரு விருந்தாளியைத் தட்டுகிற மாதிரி.

பெயர் கூப்பிட்டார்கள். லாம் முதலில் எழுந்தாள். மியெனும் எழுந்தாள்.

"உக்காருங்க" என்றார் தோவான். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் அவர்கள் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே ரத்த டாக்டர் தோவானைத் தாண்டி, அவர் தோளுக்குப் பின்னால், மகளைத் தேடுவது தெரிந்தது. "பொண்ணு வரலையா?" என்று கேட்டார்.

"வந்திருக்கு. வெளியில இருக்கும்" என்றார் தோவான். "நான்தான் நோயாளி. எனக்குச் சொல்லுங்க. முதல்லேருந்து."

பிறகு அவரே கையை நீட்டிக் கதவைச் சாத்தினார்.

வராந்தாவில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு நின்று அழுத அதே வராந்தா. உள்ளே டாக்டரின் குரல் தணிந்து கேட்டது, வார்த்தை புரியவில்லை. இடையிடையே தோவான் ஏதோ கேட்டார். லாம் கதவருகே போய்க் காது வைக்கப் பார்த்தாள். மியென் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "வேண்டாம்டி. இதையாவது அவருக்கு விடு."

கதவு திறந்தபோது தோவானின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்ன சொன்னாரு அப்பா?"

"வாய்க்கு என்ன பண்ணணும்னு டாக்டரம்மாகிட்ட அவரே பேசறேன்னாரு."

"மத்ததெல்லாம்?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"ட்ரிப்ஸ் ஏத்திக்கலையா? நிறுத்திட்டாங்களா? எவ்வளவு காலம்னு... எதாவது..."

"லாம்." அவர் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "நான் கேட்டேன். அவரு சொன்னாரு. எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியணும்னு எனக்குத் தோணறப்ப சொல்வேன். தோணாமலும் போகலாம்."

பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்ததும் லாம் அங்கிருந்த தூணைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவளை ஹனோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கணவனும் மனைவியும் கடற்கரைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். வழியெல்லாம் நெல் கதிர் விட்டிருந்தது. கோவில் கோபுரங்கள் ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தன. ஒரு கோவில் மைதானத்தில் யாரோ பவனிக்கு ட்ரம்பெட் பழகிக்கொண்டிருந்தார்கள். சுருதி சேரவில்லை. தோவான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

இன்னும் ஒரு வருஷமா, ஒரு மாசமா? மருந்து உண்டா, கைவிட்டுவிட்டார்களா? ஊத முடியுமா, முடியவே முடியாதா? மியெனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதனின் உயிர், அவள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. கேட்க வாய் துடித்தது. கேட்கத் தனக்கு என்ன உரிமை மிச்சம் இருக்கிறது?

கொஞ்ச தூரம் போனபின், தயங்கித் தயங்கி அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

தோவான் கையை எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்லவும் இல்லை.